அப்பப்பாவின் கார்ட்

என்ர மகனுக்கு ஒன்பது வயது. இக்காஸ்ட்டில் வளரும் பிள்ளை. உதைபந்தாட்டக் கார்டுகள் சேர்ப்பதுதான் பொழுதுபோக்கு. இக்காஸ்ட், ஹேர்னிங் கழகங்கள் 1999இல் இணைந்து உருவான எஃப்.சி. மிட்யூலண்ட்தான் அவனுடைய அணி. ஒருநாள் கேட்டான்: "அப்பப்பாவும் பந்தடிச்சவர்தானே? அவருக்கு ஏன் கார்ட் இல்லை?"

அமெரிக்காவில் 1880களிலேயே சிகரெட் பெட்டிகளுக்குள் பேஸ்பால் வீரர்களின் கார்டுகளை வைத்து விற்றார்கள். அந்தப் பழைய பாணியில் அப்பாவின் 70ஆவது பிறந்தநாளுக்கு ஒன்று செய்தோம்.

ஊரில் எடுத்த ஒரேயொரு அணிப் படம்தான் எங்களிடம் மிஞ்சியிருக்கிறது. அதை ஸ்கேன் பண்ணி, அப்பாவை மட்டும் வெட்டியெடுத்து, இரண்டரைக்கு மூன்றரை அங்குலத் தடித்த தாளில் அச்சடித்தோம். பழசாகத் தெரிய, ஓரங்களில் தேயிலைச் சாயத்தைப் பஞ்சால் ஒற்றினோம். இங்க்ஜெட் பிரிண்டர் என்றால் கவனம், மை கரையும். எங்கட முதல் கார்ட் அப்படித்தான் போனது.

பின்பக்கம்தான் சிக்கல். எந்த ஆண்டு, எங்கே விளையாடினார் என்று அதில் வரவேண்டும். அப்பா அந்தக் காலத்தைப் பற்றிக் கதைப்பதே இல்லை. அம்மா சொன்னதை வைத்து, "1975–1983, யாழ்ப்பாணம், கோல் கீப்பர்" என்று மட்டும் போட்டோம்.

அப்பா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேனை கேட்டார்.

"பிழை விட்டிட்டியள்" என்று சொல்லி, கீழே "1987, இக்காஸ்ட்" என்று எழுதினார். துணி ஆலையில் வேலை முடிய, இரவல் சப்பாத்தோடு டேனிஷ்காரரோடு விளையாடினாராம். "முதல் நாள் ஏழு கோல் விட்டனான்."

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அன்றிரவு அந்த அணிப் படத்தில் நிற்கும் மற்றப் பத்துப் பேரின் பெயரையும் அப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். இத்தனை வருடமும் நான் கேட்காத பெயர்கள்.

நீங்களும் ஒன்று செய்து பாருங்கோ. பின்பக்கத்தில் கொஞ்ச இடம் வெறுமையாக விடுங்கோ. மிச்சத்தை அவர்களே எழுதுவார்கள்.