கோல் காத்த தங்கராஜ்

சென்னை ராயபுரத்தில், காசிமேட்டுப் பக்கமாகச் சாயங்கால வேளையில் நடந்து போகிறவர்கள் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். தெற்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் ஆகாயத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வடக்கே திருவொற்றியூரையும் எண்ணூரையும் நோக்கிச் சரக்கு லாரிகள் எறும்புச் சாரி போல் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. இவற்றுக்கு நடுவே எப்படியோ தப்பிப் பிழைத்த ஒரு துண்டு மணலில் இருபது பையன்கள் ஒரே ஒரு பந்தைத் துரத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இரு கோடியிலும் இரண்டிரண்டு செங்கற்கள். அந்தச் செங்கற்களுக்கு நடுவில் நிற்கும் பையனைக் கொஞ்சம் கவனியுங்கள். கூட்டத்திலேயே அவன்தான் சிறியவனாக இருப்பான். அல்லது அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்தவனாக இருப்பான். தானாக விரும்பி அந்த இடத்துக்கு வந்தவனாக இருப்பது அபூர்வம். பந்தைத் தடுத்துவிட்டால் யாரும் அவனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. விட்டுவிட்டாலோ, அத்தனை பேரும் சேர்ந்துகொண்டு அவனைக் கரித்துக் கொட்டுகிறார்கள்!

உலகத்தில் இப்படிச் சில உத்தியோகங்கள் இருக்கத்தான் இருக்கின்றன. குழம்பில் உப்புச் சரியாக இருந்தால் வீட்டில் எவரும் உப்பைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு கல் குறைந்துவிட்டால்தான் பேச்சுக் கிளம்புகிறது. கால்பந்தாட்டத்தில் கோல் கீப்பரின் நிலைமையும் இதுவேதான். கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுகிறார்கள். பத்துக் கோல்களைத் தடுத்தவன், தான் விட்ட ஒரே ஒரு கோலுக்காக வருஷக் கணக்கில் பேச்சுக் கேட்கிறான்.

இந்த நன்றி கெட்ட உத்தியோகத்தை நமது தேசத்துக்காகப் பத்து வருஷத்துக்கு மேல் பார்த்தவர் பீட்டர் தங்கராஜ். ஆசியாக் கண்டத்திலேயே சிறந்த கோல் கீப்பர் என்று 1958-ஆம் வருஷத்தில் பெயர் வாங்கியவர். அவருடைய பெயரை இன்று நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால், "யார் அது?" என்று கேட்பார்கள். அது பிள்ளைகளின் குற்றமல்ல. சொல்லிக் கொடுக்காதவர்களின் குற்றம்.

மலை மேல் ஒரு மாறுதல்

தங்கராஜ் 1935-ஆம் வருஷம் ஹைதராபாத்தில் பிறந்தார். அந்த நாளில் ஹைதராபாத்தும் அதை ஒட்டிய ஸிகந்தராபாத்தும் கால்பந்துக்குப் பெயர் பெற்ற ஊர்கள். தெருவுக்குத் தெரு சங்கம். சங்கத்துக்குச் சங்கம் போட்டி. அங்கே ஆடிப் பழகிய தங்கராஜ், 1953-ல் பட்டாளத்தில் சேர்ந்து, நீலகிரி மலையில் வெல்லிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். முதலில் அவர் கோல் காப்பவரல்ல, கோல் போடுகிறவர்! 'சென்டர் பார்வர்டு' என்று சொல்லும் முன்னணி இடத்தில் ஆடிக்கொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆகிருதி. நீண்ட கைகள். அவர் கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றது பிற்பாடுதான். கூட்டத்தின் கைதட்டலை வாங்கித் தரும் இடத்தை விட்டுவிட்டு, கூட்டத்தின் வசவை வாங்கித் தரும் இடத்துக்குப் போவதென்றால் அதற்கு ஒரு தனி மனசு வேண்டும்.

ஆனால் அந்த மாறுதலில் ஒரு லாபமும் இருந்தது. திருடனாக இருந்து போலீஸ்காரனானவனுக்குத் திருடனின் எண்ணம் தெரியாமல் போகுமா? எதிரே பந்தோடு ஓடி வருகிறவன் எந்தக் காலால் உதைப்பான், எந்த மூலையைக் குறி வைப்பான் என்பதெல்லாம், அந்த வேலையைத் தானே செய்து பார்த்தவனுக்கு மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே புலப்படும்.

அப்புறம் நடந்ததைச் சரித்திரம் சொல்கிறது. டூராண்டு கோப்பை என்பது 1888-ல் வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காகச் சிம்லாவில் ஆரம்பிக்கப்பட்ட பந்தயம். ஓர் இந்தியக் குழு அதை முதன் முதலாக ஜயித்தது 1940-ல்தான். அது கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் குழு. அத்தகைய கோப்பையை வெல்லிங்டன் மலையிலிருந்து இறங்கி வந்த மதராஸ் ரெஜிமென்டுக் குழு 1955-லும் 1958-லும் தட்டிக்கொண்டு போயிற்று. இரண்டு தடவையும் கோல் காத்தவர் தங்கராஜ். 1960-ல் அவர் தலைமையில் சர்வீசஸ் குழு சந்தோஷ் கோப்பையையும் வென்றது.

இருபத்து நான்கு அடிக் கணக்கு

கோல் கீப்பரின் வேலை எவ்வளவு கஷ்டம் என்பதை அறியச் சிறு கணக்கு ஒன்று போதும். கோல் வாசலின் அகலம் 24 அடி; உயரம் 8 அடி. நல்ல உயரமான மனிதர் நடுவில் நின்று இரு கைகளையும் விரித்தால் ஆறரை அடியை மறைக்கலாம். மீதிப் பதினேழு அடிக்கு மேல் ஆகாசம்தான்! 'பெனால்டி' உதை என்றால் பந்து புறப்படும் இடம் 36 அடி தூரத்தில். கண்ணை ஒரு தடவை மூடித் திறப்பதற்குள் பந்து வந்துவிடும்.

அப்படியானால் மனிதனால் அதைத் தடுக்க முடிவது எப்படி? இங்கேதான் வித்தை இருக்கிறது. ராயபுரத்துப் பையன் செங்கற்களுக்கு நேர் நடுவே, கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறான். எதிரே வருகிறவன் பார்வைக்கு இரு புறமும் இடம் பரந்து கிடக்கிறது. அதே பையன் தைரியமாக நாலடி முன்னே போய் நிற்கட்டும். வருகிறவன் பார்வையில் அந்த இரண்டு இடைவெளிகளும் சட்டென்று குறுகிவிடும். அறை வாசலில் பிடித்த விளக்கை விட, முகத்துக்கு அருகில் பிடித்த கை அதிகம் மறைப்பதில்லையா? அது போலத்தான். எப்போது முன்னே போவது, எப்போது நின்ற இடத்தில் நிற்பது என்பதுதான் கோல் காக்கும் கலையின் ரகசியம். ஓர் அடி முந்தினால் பந்து தலைக்கு மேல் போய்விடும். ஓர் அடி பிந்தினால் பக்கவாட்டில் போய்விடும்.

இதை எந்தப் பையனும் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ள மாட்டானா? கண்டுபிடிப்பான், நூறு கோல்களை விட்டு, நூறு தடவை வசவு வாங்கிய பிற்பாடு! அதற்குள் அவனுக்கு ஆட்டமே வெறுத்துப் போயிருக்கும். அருகில் நின்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால் ஒரே மாலையில் கற்றுக்கொள்வான்.

ஜகார்த்தாவில் ஒரு மாலை

1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நாலாவது இடத்தைப் பிடித்தது. அந்தக் குழுவில் எஸ். எஸ். நாராயணனோடு தங்கராஜும் கோல் கீப்பராக இருந்தார். 1960-ல் ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் நாட்டோடு 1-1 என்று சமமாக ஆடினோம். அந்த வருஷம் வெண்கலப் பதக்கம் பெற்ற ஹங்கேரியோ நம்மை 2-1 என்றுதான் ஜயிக்க முடிந்தது. பெரு நாட்டுக்கு எதிராக நமது சைமன் சுந்தரராஜ் போட்ட கோலே, ஒலிம்பிக்கில் இதுவரை இந்தியா போட்ட கடைசிக் கோல். அதற்குப் பிறகு நமது கால்பந்துக் குழு ஒலிம்பிக்குக்குப் போகவே இல்லை.

ஆனால் இந்தியக் கால்பந்தின் பொன்னான தினம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அது 1962-ஆம் வருஷம் செப்டம்பர் 4-ஆம் தேதிதான். ஜகார்த்தா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேல், தைவான் நாட்டு வீரர்களை அனுமதிக்காதது பற்றி இந்தியப் பிரதிநிதி ஒருவர் ஆட்சேபம் கிளப்பியதால், அந்நகரத்து ஜனங்களுக்கு இந்தியா என்றாலே கோபம். இறுதி ஆட்டத்தில் மைதானம் முழுவதும் நமக்கு எதிராகக் கூச்சல். எதிரே தென் கொரியா. முதல் சுற்றில் நம்மை 2-0 என்று தோற்கடித்த அதே குழு.

நமது குழுவின் நிலைமை என்ன? பின்னணியில் ஆட வேண்டிய ஜர்னெயில் சிங், தலையில் பட்ட காயத்துக்குப் போட்ட தையலோடு முன்னணிக்கு அனுப்பப்பட்டிருந்தார். தங்கராஜ் ஜுரத்தில் படுத்ததால், முந்திய ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் கோல் காத்து வந்தார். குழுவைப் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீமின் உடம்பையோ புற்றுநோய் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. அந்த ரஹீம், ஜுரத்திலிருந்து எழுந்த தங்கராஜை இறுதி ஆட்டத்துக்கு மீண்டும் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிஷத்துக்குள் பி. கே. பானர்ஜி ஒன்று, ஜர்னெயில் சிங் ஒன்று என்று இந்தியா இரண்டு கோல்கள் போட்டுவிட்டது. அதற்கு மேல் ஒரு மணிக்கும் அதிகமான நேரம் அந்த வித்தியாசத்தைக் காப்பாற்ற வேண்டும்! கொரியர்கள் கடைசி நிமிஷங்களில்தான் ஒரு கோல் போட முடிந்தது. 2-1. தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு. அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டில் கால்பந்துத் தங்கம் நமக்கு வாய்க்கவில்லை.

ரஹீம் மறு வருஷம் ஜூன் மாதத்தில் காலமானார். அவர் யார் தெரியுமா? ஹைதராபாத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். கால்பந்தில் நாம் கண்ட மிகப் பெரிய வெற்றிக்குப் பின்னால் நின்றவர் ஒரு வாத்தியார் என்பதை நேயர்கள் மறக்கக் கூடாது.

கம்பங்களுக்கு வெளியே

தங்கராஜ் பட்டாளத்தை விட்டபின் கல்கத்தாவின் மூன்று பெரிய சங்கங்களுக்கும் ஆடினார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்றும் ஜன்மப் பகை கொண்டவை. மூன்றும் அவரை விரும்பி அழைத்துக்கொண்டன என்றால் அதுவே ஒரு பட்டம்! 1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாவது இடம் பெற்றபோதும் அவர் குழுவில் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது.

1971-க்குப் பிறகு கோவாவில் வாஸ்கோ சங்கத்தின் பயிற்சியாளரானார். கடைசியில் போக்காரோ உருக்காலை நகரத்தில் சிறுவர்களுக்கான கால்பந்துப் பள்ளியில் வந்து அமர்ந்தார். அந்த ஊரிலேயே 2008-ஆம் வருஷம் நவம்பர் மாதம் மாரடைப்பால் காலமானார்.

கோல் கீப்பர் பயிற்சியாளராவது உலகத்துக்குப் புதிதல்ல. ஸ்பெயின் தேசத்தில் ரிக்கார்டோ ஸமோரா என்று ஒருவர் இருந்தார். 1901-ல் பார்ஸிலோனாவில் பிறந்தவர். 1929-ல் ஸ்பெயின் இங்கிலாந்தை 4-3 என்று வென்றபோது கோல் காத்தவர் அவர்தான். இரண்டு வருஷம் கழித்து லண்டனில் அதே இங்கிலாந்து அவருக்கு எதிராக ஏழு கோல்கள் போட்டது! ஏழு கோல் வாங்கியவர் என்று உலகம் அவரைத் தள்ளிவிடவில்லை. உள்நாட்டு யுத்தத்தில் சிறையையும் பார்த்துவிட்டு, பிற்பாடு மாட்ரிட் நகரில் அத்லெட்டிகோ குழுவுக்குப் பயிற்சியாளராகி, 1940, 1941 ஆகிய இரண்டு வருஷங்களிலும் அதற்கு ஸ்பெயின் லீக் வெற்றியைத் தேடித் தந்தார். இன்றும் அந்த நாட்டில், ஆட்டத்துக்கு மிகக் குறைவாகக் கோல் விட்ட கீப்பருக்கு அளிக்கும் பரிசுக்கு 'ஸமோரா' என்றுதான் பெயர்.

கோல் காப்பவன் ஏன் நல்ல ஆசிரியனாகிறான்? காரணம் எளிது. மைதானத்தில் மற்றப் பத்துப் பேரும் பந்தைப் பார்க்கிறார்கள். கீப்பர் ஒருவன்தான் முழு ஆட்டத்தையும் எதிரே விரித்த படம் போலப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். யார் இடம் தவறி நிற்கிறான், எந்தப் பக்கம் ஓட்டை விழுகிறது என்பது அவனுக்குத்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. பிறர் கொண்டாடாத வேலையைச் செய்து பழகியவன் அவன். ஆசிரியர் வேலையும் அப்படிப்பட்டதுதானே? சீடன் ஜயித்தால் சீடனுக்குப் புகழ். தோற்றால் வாத்தியாருக்குப் பழி!

ஸ்பெயின் தன் கீப்பரின் பெயரை ஒரு பரிசில் பொறித்து வைத்திருக்கிறது. நாமோ நம்முடைய கீப்பரை ஓர் உருக்காலை நகரத்தில் விட்டுவிட்டு, நாளடைவில் மறந்தும் போனோம். ஆனால் தங்கராஜ் அதற்காகத் தம் வேலையை நிறுத்தவில்லை. தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தம் கை அறிந்ததைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

வடசென்னையும் அப்படிப்பட்ட தொழிலாளர் சீமைதான். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையிலும் ஆட்டத் திறமைக்காகவே வேலை பெற்றவர்கள் ஒரு காலத்தில் பலர் இருந்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் பென்ஷன் வாங்கிக்கொண்டு இந்தத் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது புஸ்தகத்தில் கிடைக்காத வித்தை. கைக்குக் கை மாறினால் வாழும். மாறாவிட்டால் அவர்களோடு போய்விடும்.

அத்தகைய பெரியவர் யாராவது இதைப் படிக்க நேர்ந்தால், அவருக்கு நமது விண்ணப்பம் ஒன்றுதான். நாளைச் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் காசிமேட்டுப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். அந்தச் செங்கற்களுக்குப் பின்னால் போய் நில்லுங்கள். அந்தச் சின்னப் பையனிடம், "தம்பி, நாலடி முன்னே போய் நில்லு" என்று மட்டும் சொல்லுங்கள். மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.