ஒளிக்கு ஒளி கொடுக்கும் கடன்

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, மூலக்கொத்தளத்திலும் ராயபுரத்திலும் முறிந்து விழுந்த மரங்களைக் கண்ணால் கண்ட ஜனங்கள், இணையம் மந்தமானதற்குக் கடலடிக் கம்பி ஒன்று பழுதுபட்டதும் காரணம் என்பதைப் பிறகுதான் அறிந்தார்கள். சிங்கப்பூருக்கு 2002இல் ஒன்று, 2004இல் மற்றொன்று, அந்தமானுக்கு 2020இல் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்தில் இன்னொன்று என்று சென்னைக் கரையிலிருந்து வங்கக்கடலுக்குள் கம்பிகள் பல இறங்கியிருக்கின்றன. புயலைக் காட்டிலும் நங்கூரமும் மீன்வலையுமே அவற்றுக்கு நித்திய சத்துரு. தரையில் அந்த ஸ்தானம் பொக்லைன் இயந்திரத்துக்கு உரியது.

அறுந்ததை ஒட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று நாம் நினைக்கிறோம்; அப்படியல்ல. மூலக்கொத்தளத்தில் கண்ணாடி இழைக்குள் புகுந்த ஒளி எண்ணூரை எட்டுவதற்குள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். 80 கிலோமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கே மிஞ்சும். ஆகையால் வழிநெடுகப் பெருக்கிகளை வைத்துச் சக்தியூட்ட வேண்டியிருக்கிறது. 1530 முதல் 1565 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ‘சி’ பட்டையே நெடுங்காலம் போதுமானதாயிருந்தது. தேவை பெருகவே, அதற்கப்பால் 1625 வரையுள்ள ‘எல்’ பட்டையையும் அதே இழையில் சேர்த்து ஓட்டலானார்கள். சிக்கல் அங்கேதான் பிறந்தது.

திருச்சிராப்பள்ளியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சந்திரசேகர வேங்கட இராமன், 1928 பிப்ரவரி 28ஆம் தேதி கல்கத்தாவில், திரவங்களில் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி தன் நிறத்தை மாற்றிக்கொண்டு வெளிவருவதை நிலைநாட்டினார். அந்த விளைவே, வலிமையான ஒளிகள் பல நெருங்கி ஓடும் மெல்லிய இழைக்குள், குற்றலை ஒளியின் சக்தியைப் பறித்து நெட்டலை ஒளிக்கு வழங்கும் வேலையை ஓயாமல் செய்கிறது. கூட்டுக் குடும்பத்தில் மூத்தவன் சம்பாத்தியம் இளையவன் அடுப்புக்குச் சொல்லாமலே போய்ச் சேருவதுபோல, ‘சி’ மெலிய ‘எல்’ கொழுக்கிறது. இதைப் பொறியாளர்கள் அறிவார்கள். புறப்படும்போதே ‘சி’க்குச் சற்று மிகுதியாகக் கொடுத்துச் சமன் செய்துவிடுவார்கள்.

ஆனால் எங்கோ ‘சி’க்குரிய பெருக்கி ஒன்று பழுதாகி அந்தப் பட்டை முழுவதும் திடீரென்று மறைந்துவிட்டால்? அபாயம் ஏதுமின்றி ஓடிக்கொண்டிருந்த ‘எல்’ அலைகளும் தமக்கு வந்துகொண்டிருந்த சக்தியை இழந்து தளர்கின்றன. ‘சி’ மீளும்போது நேர்மாறாக அவை அளவுக்கு மேல் பொங்குகின்றன. அறுந்த வழியின் போக்குவரத்தை வேறு வழியில் திருப்பும்போதும் இதே தொல்லைதான்: புதிதாக நுழையும் அலைகள் அங்கே ஏற்கெனவே அமைதியாக ஓடும் அலைகளின் கணக்கைக் குலைத்துவிடும். பழைய மின்னணு வளையங்கள் 50 மில்லிசெகண்டில் வழி மாற்றிக்கொண்டன; ஒளியையே ஒளியாகத் திருப்பும் இக்காலத்து முறையிலோ, ஒவ்வொரு பெருக்கியையும் வரிசையாகச் சீர்செய்ய நிமிஷங்கள்கூடப் பிடிக்கலாம்.

இதற்குக் கண்ட உபாயம் வேடிக்கையானது. செய்தி ஏதும் சுமக்காத வெற்றொளியால் காலியான அலைவரிசைகளை நிரப்பி வைக்கிறார்கள். உண்மை அலை ஒன்று மறைந்தால், அந்த அளவுக்கு வெற்றொளி அதன் இடத்தில் வந்து நிற்கிறது. மொத்தச் சக்தி மாறாததால் மற்ற அலைகள் எதையும் உணர்வதில்லை. ஒன்றுமே சொல்லாத ஒளிக்கு இத்தனை மதிப்பா என்று கேட்கலாம். கடலடிக் கம்பிகளில் இது வெகு காலமாக உள்ள வழக்கம்.

இராமன் விளைவையே ஊழியத்துக்கு அமர்த்திக்கொண்டவர்களும் உண்டு. 1450 நானோமீட்டரளவில் உக்கிரமான ஒளியை இழைக்குள் செலுத்தினால், அது தன் சக்தியை 1550இல் ஓடும் செய்தி அலைகளுக்குத் தானம் செய்கிறது; இழையே பெருக்கியாகிறது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். எனவே இழை அறுந்த மாத்திரத்தில் அது தானாக அணைந்தாக வேண்டும். பள்ளத்தில் இறங்கி அறுந்த முனையைக் கையிலெடுக்கும் தொழிலாளியை முன்னிட்டு, இழையை ஒட்டிய பின்பு சக்தியளவை ஏற்றுவதும் படிப்படியாகவே நடைபெறுகிறது.