மஸ்டாங்கில் மேனுவல் கியர்: பெல் ஹவுசிங்கை மையத்தில் நிறுத்துதல்

பழைய கார்களைப் புதுப்பித்து ஓட்டுவோரிடையே அமெரிக்காவில் நெடுங்காலமாக நடந்துவரும் வேலைகளுள் ஒன்று, தொழிற்சாலையிலிருந்து ஆட்டோமேட்டிக் கியருடன் வந்த வண்டியைக் கிளட்ச் மிதியும் கியர் தண்டும் கொண்ட மேனுவல் வண்டியாக மாற்றுவதாகும். 1964 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் அறிமுகப்படுத்திய மஸ்டாங் இம்மாற்றத்துக்குப் பெரிதும் உள்ளாகும் வண்டி. 289 கன அங்குல வி8 எஞ்சினும் சி4 எனப்படும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் கொண்ட 1965, 1966ஆம் ஆண்டு வண்டிகளில், 1983 முதல் பிற்கால மஸ்டாங்குகளுக்குப் பொருத்தப்பட்ட போர்க்வார்னரின் டி5 என்னும் ஐந்து கியர் பெட்டி அதிக வெட்டு ஒட்டு இல்லாமல் அடங்கிவிடுகிறது. அதன் ஐந்தாம் கியரின் விகிதம் பெரும்பாலான பெட்டிகளில் 0.68 ஆக இருப்பதால், நேர்விகிதக் கியரில் ஓடும்போது சுழல்வதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக எஞ்சின் சுழன்றாலே நெடுஞ்சாலையில் அதே வேகம் கிடைக்கிறது; இரைச்சலும் எரிபொருள் செலவும் குறைகின்றன.

மாற்றத்துக்கு வேண்டிய பொருள்களின் பட்டியல் நீளமானது என்றாலும், மிதிகள், கிளட்ச், ஃப்ளைவீல், கியர் பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் என அனைத்தும் கடையில் கிடைப்பவை, மாட்டினால் பொருந்துபவை. கடையில் வாங்க முடியாதது ஒன்று உண்டு: எஞ்சினின் சுழல் அச்சும் கியர் பெட்டியின் சுழல் அச்சும் ஒரே நேர்கோட்டில் இருப்பது. அந்த நேர்கோடு பெல் ஹவுசிங் என்னும் உறையின் இருப்பைப் பொறுத்தது. இந்த வேலையில் மிகுதியாகப் புறக்கணிக்கப்படும் பகுதியும் அதுவே.

பெல் ஹவுசிங் என்பது எஞ்சினின் பின்முகத்துக்கும் கியர் பெட்டியின் முன்முகத்துக்கும் இடையே நின்று, ஃப்ளைவீலையும் கிளட்ச்சையும் மூடிக்கொண்டு, கியர் பெட்டியின் எடையையும் தாங்கும் மணி வடிவ வார்ப்பு உறையாகும். அதன் பின்சுவரின் நடுவில் துல்லியமாகக் கடையப்பட்ட வட்டத் துளை ஒன்று உள்ளது. கியர் பெட்டியின் முன்பக்க பேரிங்கை மூடியிருக்கும் வட்ட மூடியின் விளிம்பு இத்துளைக்குள் இறுக்கமாக அமர்வதால்தான் பெட்டியின் மையம் நிலைபெறுகிறது. டி5 பெட்டிக்கு இத்துளையின் விட்டம் 4.91 அங்குலம், 1960களில் மஸ்டாங்கில் வந்த டாப்லோடர் என்னும் நான்கு கியர் பெட்டிக்கு 4.85 அங்குலம். பெட்டியிலிருந்து முன்னோக்கி நீளும் இன்புட் ஷாஃப்ட், அதாவது எஞ்சினின் விசையைக் கியர்களுக்குக் கொண்டுசெல்லும் தண்டு, பின்பக்கம் பெட்டியின் பேரிங்கிலும், முன்நுனியில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் பதிக்கப்பட்ட பைலட் புஷ் எனப்படும் சிறு வெண்கல வளையத்திலும் தாங்கப்படுகிறது. ஆகவே ஒரே தண்டின் ஒரு முனையின் இடத்தை எஞ்சினும் மறுமுனையின் இடத்தைப் பெல் ஹவுசிங்கும் தீர்மானிக்கின்றன. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் தண்டு கோணலாக நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெல் ஹவுசிங்கை எஞ்சின் பிளாக்கோடு சேர்க்கும் போல்ட்டுகள் அதன் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. துளைகள் போல்ட்டைவிடச் சற்றுப் பெரியவையாதலால் அவற்றுக்கு இறுக்கிப் பிடிக்கும் வேலை மட்டுமே உண்டு. இடத்தைத் தீர்மானிப்பவை பிளாக்கின் பின்முகத்தில் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் டோவல் பின்கள் என்னும் இரண்டு எஃகு முளைகளே. கிராங்க் ஷாஃப்டின் மையத்திலிருந்து டோவல் வரை பிளாக்கைக் கடைந்தபோது நேர்ந்த சிறு பிழையும், டோவல் துளையிலிருந்து நடுத் துளை வரை உறையைக் கடைந்தபோது நேர்ந்த சிறு பிழையும் ஒன்றையொன்று குறைக்கவும் கூடும், கூட்டவும் கூடும். அறுபது ஆண்டு வயதான எஞ்சினில் இன்னொரு காரணமும் சேர்கிறது. தேய்ந்த பிளாக்கில் கிராங்க் ஷாஃப்ட் அமரும் துளைகளை மீண்டும் ஒரே கோட்டில் கடையும்போது அவ்வச்சு சிறிதளவு மேலே நகர்ந்துவிடுகிறது, டோவல்களோ பழைய இடத்திலேயே இருக்கின்றன. டாப்லோடருக்கான பழைய உறையில் டி5 பெட்டியை மாட்டுவதற்கு இடைத்தட்டு ஒன்று சேர்க்கப்படுமானால் பிழைக்கு இடமளிக்கும் இணைப்பும் ஒன்று கூடுகிறது.

ஆட்டோமேட்டிக் வண்டியில் இவ்வளவு கறார் தேவைப்படாததற்குக் காரணம், அங்கே கிராங்க் ஷாஃப்டையும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைப்பது சற்று வளைந்துகொடுக்கும் மெல்லிய எஃகுத் தட்டு என்பதே. மேனுவல் வண்டியில் அவ்வாறு விட்டுக்கொடுக்கும் உறுப்பு எதுவும் இல்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் எஞ்சினில், கோணலாக நிற்கும் தண்டு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக வளைத்து நிமிர்த்தப்படுகிறது. பைலட் புஷ் நாளடைவில் முட்டை வடிவில் தேய்கிறது. கிளட்ச் தட்டின் நடுக்குடம் தண்டின் பற்களோடு ஓயாமல் உரசுகிறது. மிதியை முழுவதும் அழுத்தினாலும் தட்டு விடுபடாமல் பின்னோட்டக் கியர் கரகரக்கிறது. சில வண்டிகளில் மேட்டில் ஆக்சிலேட்டரைத் தளர்த்தும் கணத்தில் கியர் தானாகவே கழன்றுவிடுகிறது. இவற்றைக் கண்டவர்கள் பழியைப் பெரும்பாலும் கியர் பெட்டியின்மீதே போடுகிறார்கள். நல்ல பெட்டியைப் பிரித்து, பேரிங்குகளை மாற்றி, மீண்டும் அதே கோணலான உறையில் மாட்டுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் அளந்து கண்டிருக்கக்கூடிய குறைக்காக இவ்வளவு பணமும் உழைப்பும் வீணாவது வருந்தத்தக்கது.

பொதுவாக ஏற்கப்படும் வரம்பு, இரண்டு மையங்களுக்கும் இடையிலான விலகல் 0.005 அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்பதாகும். இது ஏறத்தாழ 0.13 மில்லிமீட்டர்; தடித்த தலைமயிர் ஒன்றின் பருமனைவிடச் சற்றே அதிகம். கண்ணும் கைவிரலும் இதைக் கண்டுகொள்ளா.

அளவெடுக்குமுன் எஞ்சினின் பின்முகமும் உறையின் முகமும் துடைக்கப்பட்டு, பெயிண்ட், துரு, துளை விளிம்புகளில் எழும்பிய பிசிறு ஆகியவை அரத்தால் நீக்கப்பட வேண்டும். ஃபோர்டு எஞ்சினில் பிளாக்குக்கும் உறைக்கும் இடையே வரும் மெல்லிய தகடும், இடைத்தட்டு இருப்பின் அதுவும், ஓட்டத்தில் எப்படி இருக்குமோ அப்படியே சேர்த்து, போல்ட்டுகள் உரிய முறுக்குவிசையில் இறுக்கப்பட வேண்டும். பழகாதவர்கள் இங்கே ஒரு சிக்கலைச் சந்திக்கிறார்கள்: எஞ்சினை நிறுத்திவைக்கும் வழக்கமான தாங்கி, உறை அமர வேண்டிய அதே பின்முகத்தில் மாட்டப்படுவதால், அளவெடுக்க எஞ்சினைச் சங்கிலியில் தொங்கவிடவோ தொட்டில் போன்ற சட்டத்தில் அமர்த்தவோ, வண்டிக்குள்ளேயே வைத்திருக்கவோ வேண்டும். ஃப்ளைவீலைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். 1960களின் 289 எஞ்சினுக்கு 28 அவுன்ஸ் சமன் எடை கொண்ட ஃப்ளைவீலே பொருந்தும். 1980களின் 302 எஞ்சினுக்கு வந்த 50 அவுன்ஸ் ஃப்ளைவீலும் போல்ட்டில் அப்படியே அமர்ந்துவிடும் என்பதால், டி5 பெட்டியோடு சேர்த்து அதையும் பிற்கால வண்டியிலிருந்து கழற்றி மாட்டியவர்களின் எஞ்சின் தாங்க முடியாத அளவுக்கு நடுங்கும்.

கிளட்ச் இன்னும் மாட்டப்படாத நிலையில், காந்த அடி கொண்ட டயல் கேஜ் ஃப்ளைவீலின்மேல் நிறுத்தப்படுகிறது. டயல் கேஜ் என்பது நுனியில் உள்ள சிறு தண்டு உள்ளே அழுந்தும் தூரத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குல அளவில் முள்ளால் காட்டும் கருவி. அதன் நுனி உறையின் நடுத் துளையின் உட்சுவரைத் தொடுமாறு வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினின் முன்பக்கப் போல்ட்டில் ஸ்பானர் போட்டு மெதுவாகச் சுழற்றினால், கேஜ் கிராங்க் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றி வந்து, அந்த அச்சிலிருந்து துளையின் சுவர் எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்பதைக் காட்டுகிறது. கேஜைத் தாங்கும் கரம் நீளமாக இருந்தால் தலைகீழாகும்போது தன் எடையாலேயே தொய்ந்து பொய் அளவு தரும்; ஆகவே கரம் குட்டையாகவும் விறைப்பாகவும் இருக்க வேண்டும். முள் கண்ணுக்கு எட்டாத பக்கம் போகும்போது சிறு கண்ணாடி உதவும்.

பின்னாலிருந்து பார்க்கையில் கடிகார முகத்தில் உள்ளதுபோல் 12, 3, 6, 9 மணி நிலைகளில் நான்கு அளவுகள் குறிக்கப்படுகின்றன. 12இல் முள்ளைச் சுழியத்தில் வைத்துத் தொடங்கி, 3இல் 0.006, 6இல் 0.018, 9இல் 0.012 அங்குலம் அழுந்தியதாகக் கிடைத்தது என்று கொள்வோம். முதலில் எதிரெதிர் அளவுகளைக் கூட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம்: 12க்கும் 6க்கும் கூட்டல் 0.018, 3க்கும் 9க்கும் கூட்டல் 0.018. இரண்டும் ஒத்திருப்பதால் துளை வட்டமாகவும் கேஜ் நழுவாமலும் இருந்தன எனலாம்; ஒத்துவராவிட்டால் எதையும் திருத்தாமல் மீண்டும் அளப்பதே முறை. அடுத்து, எதிரெதிர் அளவுகளின் வித்தியாசத்தில் பாதியே மையவிலகல். மேல்கீழாக அது 0.009, பக்கவாட்டில் 0.003; இரண்டும் சேர்ந்து சாய்வாக ஏறத்தாழ 0.0095 அங்குலம். முள் காட்டும் மொத்த ஆட்டத்தையே விலகல் என்று கொண்டு இரு மடங்கு திருத்திவிடுவது அடிக்கடி நேரும் தவறு. நகர்த்த வேண்டிய திசையிலும் குழப்பம் வருவதுண்டு. முள் மிகுதியாக அழுந்திய இடத்தில் சுவர் அச்சுக்கு அருகில் இருக்கிறது என்பதால், உறை அந்தப் பக்கமாகவே நகர வேண்டும். இந்த எடுத்துக்காட்டில் அது கீழ்நோக்கி, ஆறரை மணித் திசையைச் சற்றே தாண்டி.

நகர்த்துவதற்கான கருவி மையம் விலகிய டோவல். பிளாக்குக்குள் செல்லும் பகுதியும் உறைக்குள் செல்லும் பகுதியும் ஒரே அச்சில் இல்லாமல், 0.007, 0.014, 0.021 அங்குலம் என்ற அளவுகளில் விலகியிருக்குமாறு கடையப்பட்ட முளை அது. பழைய டோவல்களை உருவிவிட்டு இவை செருகப்படுகின்றன. மேற்கண்ட அளவுக்கு 0.007 டோவல் ஏற்றது. சரியான திசையில் திருப்பினால் மீதம் நிற்பது 0.0025 அங்குலம் மட்டுமே. இரண்டு டோவல்களும் ஒரே அளவாகவும் ஒரே திசை நோக்கியும் இருந்தால்தான் உறை சிக்கலின்றி அமரும். ஒன்று இம்மியளவு பிசகினாலும் உறை டோவலில் ஏற மறுக்கும், அப்போது சுத்தியலை எடுப்பவர் வார்ப்பைக் கெடுத்துக்கொள்வார். அமர்ந்தபின் மீண்டும் அளந்து, தேவையானால் திருகுளியால் சிறிது திருப்பி, மறுபடியும் அளப்பதே வேலை. முதல் முயற்சியிலேயே அளவு சரியாக வருவது அரிது. அதற்காக மனம் தளர வேண்டியதில்லை.

துளை மையத்தில் இருந்தாலும் உறையின் பின்முகம் சாய்ந்திருக்கக் கூடும் என்பதால், கேஜின் நுனியை அம்முகத்தில் வைத்து இரண்டாம் அளவும் எடுக்கப்படுகிறது. கிராங்க் ஷாஃப்டுக்கு முன்பின்னாக 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இயல்பாகவே அசைவு உண்டு. அந்த அசைவு முகத்தின் சாய்வாகத் தோன்றாமலிருக்க, அளக்கும் நேரம் முழுதும் ஃப்ளைவீலை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். சாய்வு மிகுந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு பிசிறோ வளைந்த தகடோதான் காரணம்; அதைச் சரிசெய்தும் நீங்காத சாய்வுக்கே உறைக்கும் பிளாக்குக்கும் இடையே மெல்லிய தகட்டுத் துண்டுகள் வைக்கப்படுகின்றன.

ஆட்டோமேட்டிக் வண்டிக்கென்று செய்யப்பட்ட கிராங்க் ஷாஃப்டில் பைலட் புஷ்ஷுக்கு இடம் இருக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். ஃபோர்டின் சிறிய வி8 எஞ்சின்களில் இது பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. அதே காலத்துக் கிரைஸ்லர் எஞ்சின்கள் சிலவற்றில் ஆட்டோமேட்டிக் கிராங்க் ஷாஃப்டின் துளை முழுமையாகக் கடையப்படாமல் விடப்பட்டதால், அவற்றுக்கு வேறு வகை பேரிங் தேவைப்படுகிறது.

அளவு வரம்புக்குள் வந்தபின் உறை கழற்றப்பட்டு, கிளட்ச் தட்டு மையத்தில் நிறுத்தப்பட்டு, உறை மீண்டும் ஏற்றப்படுகிறது. கியர் பெட்டி உள்ளே செல்லும் விதமே அளவைச் சோதிக்கும் இன்னொரு சான்று: மையம் சரியாக இருந்தால், தண்டின் பற்கள் கிளட்ச் தட்டில் பிடித்தபின் பெட்டி கையழுத்தத்திலேயே கடைசி அங்குலம் வரை சென்று முகத்தோடு முகம் சேரும். இடைவெளி நிற்கும்போது போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்ப்பது பெட்டியின் காதுகளை உடைக்கும், புதுப் பைலட் புஷ்ஷை நசுக்கும். அப்போது பெட்டியை வெளியே எடுத்துக் காரணத்தைத் தேடுவதே தக்கது. இவ்வளவுக்குப் பிறகும் எடுத்த அளவு அந்தப் பிளாக்குக்கும் அந்த உறைக்கும் மட்டுமே உரியது என்பதால், இரண்டில் ஒன்று மாற்றப்பட்டாலோ பிளாக் மறுபடி கடையப்பட்டாலோ டயல் கேஜ் மீண்டும் ஃப்ளைவீலின்மேல் ஏற வேண்டும்.