உருகாமல் பிறக்கும் இரும்பு

துறையூருக்கு வடக்கே பச்சைமலை, மேற்கே கொல்லிமலை, அதற்குத் தெற்கே தள்ளித் தலைமலை. சுற்றுலாவுக்கும் பெருமாள் தரிசனத்துக்கும் பேர்போன இந்த மலைகளுக்குள் இரும்பு இருக்கிறது. 1864-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் கிங், ஃபூட் இருவரும் சேலம், திருச்சி வட்டாரப் பாறைகளைப் பற்றி விரிவான அறிக்கை எழுதினார்கள். அதில் கஞ்சமலை, தீர்த்தமலை, கோதுமலை வரிசையில் தலைமலை – கொல்லிமலையும் ஓர் இரும்புத்தாதுத் தொகுதியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. இங்குள்ள தாது மேக்னடைட்; காந்தம் இழுக்கும் கருந்தாது. மழை பாறையை அரித்துக்கொண்டு வரும்போது ஓடைகளில் கருமணலாகப் படியும். சேலம் பக்கத்துக் கிராம உலைகளில் வெகுகாலம் இந்தக் கருமணலை அலசி எடுத்துத்தான் இரும்பு காய்ச்சினார்கள்.

அந்த உலை மண்ணால் ஆனது, ஆள் உயரம்கூட இருக்காது. தாதும் மரக்கரியும் அடுக்கடுக்காகப் போட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் காற்று ஊதுவார்கள். கரி அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்ஸைடு பிறக்கும். அந்த வாயு தாதிலிருக்கும் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறும். தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். மண் உலை அதை எட்டாது. கசடு மட்டும் உருகி ஓடும். இரும்பு உருகாமலே ஓட்டையும் பொந்துமாக ஒரு கட்டியாக அடியில் திரளும். கொல்லர் அதை அடித்து, உள்ளே சிக்கிய கசடைப் பிதுக்கி வெளியேற்றினால் கொழுவும் அரிவாளும் செய்யத் தக்க இரும்பு.

தாதை உருக்காமல் திட நிலையிலேயே இரும்பாக்கும் இந்த வழிக்கு உலோகவியலில் நேரடி ஒடுக்கம் என்று பெயர். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கிடைத்த வட்ட உலையின் எச்சத்தில் வெப்பம் சுமார் 1,300 டிகிரியைத் தொட்டிருக்கலாம் என்று தமிழ்நாடு தொல்லியல் துறையின் ஆய்வு கருதுகிறது. இரும்பை உருக்கும் வெப்பம் அல்ல அது; இப்படிப்பட்ட பஞ்சு இரும்பு கிடைக்கப் போதுமானது. புதுக்கோட்டை மாவட்டம் பெருங்களூரில் வேறு வடிவ உலை கிடைத்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022-இல் அறிவித்தார்கள். சிவகளைக்கு 2025 ஜனவரியில் வெளியான கணிப்பு கி.மு. 3345. பின்னதை இன்னும் பல இடங்களின் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள், அது நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் தமிழ் நிலத்தில் நேரடி ஒடுக்கம் பல ஆயிரம் ஆண்டுத் தொழில் என்பதில் ஐயமில்லை.

ஆங்கிலேயர் கொண்டுவந்தது ஊதுலை. ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஆலை தொடங்கினார். சேலத்துத் தாது காவிரி, கொள்ளிடம் வழியாகப் பரிசலில் கடற்கரைக்குப் போனது. கரிக்கு மரம் வெட்டி மாளவில்லை, ஆலை சில பத்தாண்டுகளில் ஓய்ந்தது. ஊதுலை இரும்பை முழுக்க உருக்குகிறது, ஒரே உலையில் நாளுக்கு ஆயிரக்கணக்கான டன் தருகிறது. ஆனால் அதற்கு கோக் எனும் கெட்டிக் கரி வேண்டும், அதற்கேற்ற நிலக்கரி இந்தியாவில் குறைவு. இன்றும் பெரும்பகுதியை ஆஸ்திரேலியாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் இறக்குமதி செய்கிறோம்.

மண் உலையின் முறை இந்தியாவுக்குப் புது உருவில் திரும்பி வந்ததற்கு இந்தப் பற்றாக்குறையே காரணம். மெக்ஸிகோவின் மான்டெர்ரேயில் 1957-இல் இயற்கை எரிவாயுவைக் கொண்டு வணிக அளவில் நேரடி ஒடுக்கம் தொடங்கியது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1969-இல் மிட்ரெக்ஸ் என்ற எரிவாயு உலை வந்தது. எரிவாயு போதாத இந்தியா வேறு வழி தேடியது. இன்றைய தெலங்கானாவில் உள்ள பால்வஞ்சாவில், ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு, 1980-இல் ஸ்பாஞ்ச் அயர்ன் இந்தியா நிறுவனம் சாதாரண நிலக்கரியைக் கொண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அதைப் பார்த்து ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், கர்நாடகத்தின் பல்லாரி என்று சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கான ஆலைகள் முளைத்தன. 2003-இலிருந்து உலகிலேயே அதிகமாக ஸ்பாஞ்ச் அயர்ன் எனும் பஞ்சு இரும்பைச் செய்யும் நாடு இந்தியாதான். 2023-இல் உலகம் செய்த சுமார் 13.5 கோடி டன்னில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 5 கோடி டன்.

ஆலைக்குள் நடப்பது இது. லேசாகச் சரிந்து படுத்திருக்கும் நீளமான இரும்பு உருளை, உள்ளே செங்கல் பூச்சு. மேல்முனையில் தாதுக் கட்டியும் நிலக்கரியும் கந்தகத்தைப் பிடிக்க டோலமைட்டும் விழும். உருளை மெல்லச் சுழலச் சுழலச் சரக்கு கீழே நகரும். வெப்பம் 1,000 – 1,050 டிகிரி. எட்டு, பத்து மணி நேரம் கழித்து மறுமுனையில் வருவதைக் காற்றுப் படாமல் குளிரவைத்து, காந்தத்தால் இரும்பை ஒருபுறம், கரிச்சாம்பலை ஒருபுறம் பிரிப்பார்கள். ஹேமடைட் தாதின் எடையில் 30 சதவீதம் ஆக்ஸிஜன். அது போன பிறகும் கட்டியின் உருவம் அப்படியே நிற்கும், ஆக்ஸிஜன் இருந்த இடமெல்லாம் ஆப்பத்தின் நடுவைப் போலக் கண்கண்ணாக ஓட்டை விழுந்திருக்கும்.

அந்த ஓட்டைகளே ஆபத்தும் கூட. வெளிக்காற்று உள்ளே புகுந்து இரும்பு மறுபடி ஆக்ஸிஜனைச் சேர்த்துக்கொள்ளும், சூடேறும். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். 2003-இல் இந்தச் சரக்கோடு இந்தியப் பெருங்கடலில் போன அடமந்தாஸ் என்ற கப்பல் உள்ளுக்குள் கொதித்து, ரீயூனியன் தீவுக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டது. தொலைதூரம் போகும் சரக்கைச் சூடாக இருக்கும்போதே அழுத்திக் கெட்டியான பாளமாக்கி அனுப்புவது இதனால்தான்.

ஸ்பாஞ்ச் அயர்ன் அப்படியே கம்பி ஆகாது. மின்சார உலையில் உருக்க வேண்டும். தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி போன்ற இடங்களில் இண்டக்ஷன் உலைகள் பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் கலந்து உருக்குகின்றன. நாட்டின் உருக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இத்தகைய உலைகளில் பிறக்கிறது. துறையூரில் வீட்டுக்கு இறங்கும் டிஎம்டி கம்பியில் கணிசமான பங்கு இந்த வழியில் வந்ததாகத்தான் இருக்கும்.

வீடு கட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இதில் உண்டு. பழைய இரும்பில் செம்பும் வெள்ளீயமும் ஒட்டிக்கொண்டு வரும், உருக்கினாலும் போகாது. தாதிலிருந்து நேராக வந்த ஸ்பாஞ்ச் அயர்ன் அவற்றை நீர்க்கச் செய்கிறது, அது நன்மை. ஆனால் தாதின் பாஸ்பரஸும் கரியின் கந்தகமும் அதில் தங்கும். இண்டக்ஷன் உலை பெரும்பாலும் உருக்குமே தவிர, அவற்றைச் சரியாக நீக்காது. பாஸ்பரஸ் கூடினால் கம்பி வளைவதற்குப் பதில் ஒடியும். ஐ.எஸ். 1786 தரத்தில் எஃப்இ 500 கம்பிக்கு பாஸ்பரஸ் 0.055 சதவீதம் வரை இருக்கலாம். எஃப்இ 500டி கம்பிக்கு 0.040 தான் உச்சம், கார்பன் வரம்பும் குறைவு. கடையில் அந்த 'டி' எழுத்தையும் ஐஎஸ்ஐ முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். கொத்தனார் சொன்னார் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

கரியமில வாயுக் கணக்கு வேறு கதை. உலகம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7 சதவீதம் எஃகுத் தொழிலுடையது. ஊதுலை வழியில் ஒரு டன் எஃகுக்கு 2.2 டன் அளவில் வெளியேறுகிறது. எரிவாயு நேரடி ஒடுக்கத்தில் 1.4 டன் போல. நிலக்கரி உருளையில் மூன்று டன்னை நெருங்கும், தூசும் கரிச்சாம்பல் குவியலும் தனி. ஆக, உலகின் மிகச் சுத்தமான இரும்புக்கும் மிக அழுக்கான இரும்புக்கும் ஒரே தொழில்நுட்பம்தான் வழி. ஆக்ஸிஜனைப் பிடுங்க எதை அனுப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஹைட்ரஜனை அனுப்பினால் வெளியே வருவது நீராவி. சுவீடனின் லூலியோவில் ஹைப்ரிட் என்ற திட்டம் 2020-இல் சோதனை உலையைத் தொடங்கி, அடுத்த ஆண்டே முதல் எஃகை வோல்வோவுக்குத் தந்தது. அது எளிதான வேலையல்ல. கார்பன் மோனாக்ஸைடு வினை வெப்பம் தரும், ஹைட்ரஜன் வினை வெப்பத்தை உறிஞ்சும். வாயுவை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்க வேண்டும். 2025 ஜூனில் ஆர்செலர்மிட்டல் ஜெர்மனியில் இரண்டு ஆலைகளை இப்படி மாற்றும் திட்டத்தை, அரசு மானியம் இருந்தும், கைவிட்டது. மின்சாரம் கட்டுப்படியாகவில்லை.

நம் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் இரும்புக்கு வேதியியல்படி 54 கிலோ ஹைட்ரஜன். அதைத் தண்ணீரிலிருந்து பிரிக்க ஏறக்குறைய 2,800 யூனிட் மின்சாரம். துறையூரில் ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு நான்கு டன் கம்பி என்று வைத்தால் 11,000 யூனிட்டுக்கு மேல். ஹைட்ரஜன் கிலோ 300 ரூபாய் என்று கொண்டால் டன்னுக்கு 16,200 ரூபாய். இதில் மிச்சமாகும் கரியின் விலையைக் கழித்துக்கொள்ள வேண்டும். கம்பி விலை கூடத்தான் செய்யும், ஆனால் எட்டாத தொகை அல்ல.

கர்நாடகத்தில், ஜேஎஸ்டபிள்யூவின் விஜயநகர் ஆலைக்கு ஆண்டுக்கு 3,800 டன் பசுமை ஹைட்ரஜன் தரும் வசதி வந்திருக்கிறது. அது நேரடி ஒடுக்கப் பிரிவுக்கே போகிறது. முழுக்கப் பயன்பட்டால் சுமார் 70,000 டன் இரும்புக்குப் போதும். தமிழ்நாட்டில் ஆரல்வாய்மொழியில் காற்று இருக்கிறது, தெற்கு மாவட்டங்களில் வெயில் இருக்கிறது, தூத்துக்குடித் துறைமுகம் பசுமை ஹைட்ரஜன் மையமாக வளர இருக்கிறது. காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக வீசும் என்பதால் ஹைட்ரஜனைச் சேமிக்கவும் வழி வேண்டும். தாதுக்காகக் கஞ்சமலையையோ கொல்லிமலையையோ வெட்டத் தேவையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அங்குள்ள தாதில் இரும்பு மூன்றில் ஒரு பங்கு போலத்தான். அரைத்து, காந்தத்தால் பிரித்து, மீதியை எங்கே கொட்டுவது? தாதை வெளியிலிருந்து கொண்டுவரலாம், கடற்கரையில் உலை வைக்கலாம்.

மத்திய அரசு 2024 டிசம்பரில் பசுமை எஃகுக்கு வரையறை அறிவித்தது: டன்னுக்கு 2.2 டன் கரியமில வாயுவுக்குக் கீழே இருந்தால் மூன்று நட்சத்திரம், 1.6-க்குக் கீழே என்றால் ஐந்து. நிலக்கரி உருளையில் பிறந்த ஸ்பாஞ்ச் அயர்னை அதிகம் சேர்த்த கம்பி இந்த வாசலுக்கே வராது. பொதுப்பணித் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் வீட்டு வசதி வாரியமும் ஆண்டுதோறும் வாங்கிக் குவிக்கும் கம்பியில் ஒரு பங்காவது நட்சத்திரக் கம்பியாக இருக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிட்டால், கும்மிடிப்பூண்டி உலைக்காரர் அடுத்த லோடை எந்த ஆலையிலிருந்து வாங்குவது என்று யோசிக்கத் தொடங்குவார்.