துயரத்துக்கு இசை கொடுத்தவர்

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "அழாதே, மறந்துவிடு" என்று சொல்பவர்கள் அநேகர். ஆறுதல் சொல்வதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால், மறக்காமலே தொடர்ந்து வாழ்ந்தவர்களும் உண்டு. செக் மக்களின் தேசிய இசையமைப்பாளராகப் போற்றப்படும் பெட்ரிக் ஸ்மெற்றனா அவர்களுள் ஒருவர்.

1824 மார்ச் 2 ஆம் திகதி பொஹீமியாவில் இவர் பிறந்தார். தந்தை பியர் வடிக்கும் தொழில் செய்தவர். அக்காலத்தில் பொஹீமியா ஒஸ்ரியப் பேரரசின் கீழ் இருந்தது. பாடசாலைகளில் யேர்மன் மொழியே ஆதிக்கம் செலுத்தியது. அதனால் ஸ்மெற்றனா தன் மக்களின் செக் மொழியை ஒழுங்காக எழுதப் பழகியதே முப்பது வயதைக் கடந்த பின்னர்தான். 1848 இல் பிராக் நகரில் கிளர்ச்சி எழுந்தபோது அவரும் மக்களோடு நின்றார். மறு வருடம் காதெரீனாவைத் திருமணம் செய்தார்.

அவர்களுக்கு நான்கு பெண் பிள்ளைகள். 1854 க்கும் 1856 க்கும் இடையில் மூவர் இறந்துபோயினர். இசையில் நாட்டம் காட்டிய மூத்த மகள் இறக்கும்போது வயது நாலரை. அவளது நினைவாக 1855 இல் பியானோ, வயலின், செலோ மூன்றுக்குமாக ஓர் இசைப்படைப்பை எழுதினார். விமர்சகர்கள் அதைப் பெரிதாக வரவேற்கவில்லை. இன்று அது உலகெங்கும் வாசிக்கப்படுகிறது.

பின்னர் பிழைப்புக்காகச் சுவீடன் சென்றார்கள். காசநோயால் வாடிய காதெரீனா, 1859 இல் ஊர் திரும்பும் வழியிலேயே இறந்தார். அவரும் பியானோ கற்றவர். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய். தந்தையின் துயரம் இசையாக நிலைத்துவிட்டது. தாயின் துயரத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு. இதையும் நாம் கவனிக்க வேண்டும்.

பிராக் திரும்பிய ஸ்மெற்றனா, செக் மொழியில் இசை நாடகங்கள் எழுதினார். கிராமத்துக் காதலைச் சொல்லும் 'விற்கப்பட்ட மணப்பெண்' 1866 இல் மேடையேறியது. 1874 இல், ஐம்பதாவது வயதில், காது முற்றாகக் கேளாமல் போனது. அரங்கப் பதவியையும் விட வேண்டியதாயிற்று. ஆயினும் அதே வருட இறுதியில் வல்தாவா நதியைப் பற்றிய இசையை எழுதி முடித்தார். இரு சிறு ஊற்றுகளாகத் தொடங்கும் நதி, கிராமத்துத் திருமணமொன்றைக் கடந்து பிராக்கை அடைவதை அதில் கேட்கலாம். இதையும் சேர்த்து ஆறு படைப்புகள் 'என் தாய்நாடு' என்ற பெயரில் 1879 இல் நிறைவுற்றன. அவற்றில் எதையும் அவரால் காதால் கேட்க முடியவில்லை.

தன் காதில் ஓயாது ஒலித்த இரைச்சலைக்கூட அவர் மறைக்கவில்லை. 1876 இல் தன் வாழ்க்கையைச் சொல்லும் படைப்பொன்றில், அதை நீண்டு ஒலிக்கும் ஓர் உச்சஸ்வரமாக வைத்தார். அக்காலத்தில் அவருக்கு நிழல் கொடுத்தது, காதெரீனாவின் பிள்ளைகளுள் உயிர் தப்பிய மகளின் வீடுதான். 1884 மே 12 ஆம் திகதி பிராக்கிலுள்ள மனநோயாளர் மருத்துவமனையில் காலமானார். ஒவ்வொரு வருடமும் அதே நாளில் 'என் தாய்நாடு' இசைக்கப்பட்டு, பிராக் வசந்த இசைவிழா தொடங்குகிறது.

சகோதரிகளே, எல்லோராலும் இசை எழுத முடியாதுதான். ஆனால் இழந்தவரின் பெயரைச் சொல்லி அழவும், அவரைப் பற்றிக் கதைக்கவும் எமக்கு உரிமை உண்டு. அது பலவீனமல்ல. அடுத்த முறை ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால், "மறந்துவிடு" என்று சொல்லாமல் பக்கத்தில் இருந்து கேட்போம்.