குறியெதிர்ப்பையும் கைமாற்றும்: பொருட்கவலை பற்றிய ஓர் ஆய்வு

பொருள் மிகுந்தால் இன்பமும் மிகுமோ என்னும் வினா தொன்மையானது. ‘மிகாது’ என விடை கூறி அமைதல் அறநூல் பயின்றார் பலர்க்கு வழக்கம். ஆயின், அவ்விடை யாரை நோக்கிக் கூறப்படுகின்றது என்பது கருதத்தக்கது. உடையாரை நோக்கிக் கூறின் அஃது அறிவுரை. இல்லாரை நோக்கிக் கூறின் அது கொடுமையாய் முடிதலும் உண்டு. இவ்வேறுபாட்டைப் பண்டைத் தமிழ் நூல்கள் நன்குணர்ந்திருந்தன என்பதனை, ஓமலூர்ப் பகுதி உழவர் வாழ்வோடும் இக்கால ஆராய்ச்சிகளோடும் இயைத்துக் காட்டுதலே ஈண்டு எம் நோக்கம்.

திருக்குறள் பொருட்பாலின் அதிகார வைப்பை முதற்கண் நோக்குவோம். ஈட்டியும் பயன்படாத பொருளைப் பழிக்கும் நன்றியில் செல்வம் 101ஆம் அதிகாரம். உழவு 104ஆம் அதிகாரம்; அதனை அடுத்தே நல்குரவு, இரவு, இரவச்சம் என்பன நிற்கின்றன. செல்வர்க்கு உரைத்த குறை வேறு. வறியார்க்கு உரைத்த குறை வேறு. செல்வரிடம் பொருளின் பயனின்மை பேசப்படுகின்றது. வறியாரிடம் பொருளின் இன்மையே பேசப்படுகின்றது. நல்குரவு அதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் துன்பங்களுள் மூன்று எம் ஆய்வுக்கு இன்றியமையாதன. நேற்றுவந்து வருத்திய வறுமை இன்றும் வருமோ என்னும் அச்சம் ஒன்று. வறுமையின்கண் உறக்கம் கூடாமை மற்றொன்று. வறியவன் நல்லதை நன்குணர்ந்து கூறினும் அச்சொல் எடுபடாமை பிறிதொன்று. இவற்றுள் ஒன்றேனும் பசியைப் பற்றியதன்று. வறுமை வயிற்றை மட்டுமன்றி மனத்தையும் மதிப்பையும் பற்றும் என்பதே அவர் கருத்தாகும்.

இனி, புறநானூற்று 163ஆம் பாட்டைக் காண்போம். முதிரமலைத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று மீண்ட பெருஞ்சித்திரனார், தம் மனைவியை நோக்கி அப்பொருளை எல்லோர்க்கும் கொடுக்குமாறு கூறுகின்றார். கொடுக்கப்பெறுவோர் வரிசையில் சுற்றத்தாரோடு, இல்லத்தார் பசி தீரக் குறியெதிர்ப்பை நல்கியோரும் இடம்பெறுகின்றனர். குறியெதிர்ப்பையாவது, அளவு குறித்து வாங்கி அவ்வளவிலேயே திருப்பித் தருவது. திருக்குறள் ஈகை அதிகாரமும் ஈகையினின்று வேறுபடுத்தற்கு இச்சொல்லையே ஆள்கின்றது. வட்டியும் எழுத்தும் இன்றி அறிந்தாரிடம் வாங்கும் தொகையை இன்று ‘கைமாற்று’ என்கின்றோம். ஒன்று பண்டமாகவும் மற்றொன்று பணமாகவும் இருப்பினும், இரண்டும் ஓரினத்தனவே. புலவர் வீட்டிற்கு வந்த பொருள் தந்த இன்பம் யாது? இருப்பாக வைத்து மகிழும் இன்பமன்று. பட்ட கடமை தீர்த்துப் பிறர்க்கும் வழங்கும் நிலையை எய்திய இன்பமே என்க.

இவ்வின்பத்தின் அருமை ஓமலூர்ச் சமவெளியில் விளங்கத் தோன்றும். 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடும் அவர்க்குத் துணைவராய் இருந்த தாமசு மன்றோவும் நிலத்தை அளந்து, உழவரோடு நேரே பணவரி பேசும் இரயத்துவாரி முறைக்கு இந்நிலப்பகுதியிலேயே அடிகோலினர். விளைச்சல் மழையை நோக்கி வரும். கிஸ்தியோ தவணையை நோக்கி வரும். வரவின் காலமும் செலவின் காலமும் ஒவ்வாமையே உழவர் கவலையின் வேர். அவ்வொவ்வாமை இன்றும் ஒழிந்திலது. சேலம், நாமக்கல் சமவெளிகளில் பயிராகும் மரவள்ளி நிலத்தில் பல திங்கள் கிடந்து, பின்னர்ச் சேகோ ஆலைக்குச் செல்லும். பணம் ஒரு முறையே வரும். பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் திருமண மொய்யும் அதுவரை காத்திரா. இடையில் நகை அடகுக்குச் செல்கின்றது.

இந்நிலையை அளந்து காட்டிய ஆராய்ச்சி ஒன்று தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்தர் சபீர், சியாயிங் சாவோ ஆகியோர் 2013ஆம் ஆண்டு அதனை வெளியிட்டனர். விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 ஊர்களைச் சார்ந்த 464 கரும்பு உழவர்கள் அறுவடைக்கு முன்னும் பின்னும் ஆராயப்பெற்றனர். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேர் பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் அவ்வாறு வைத்திருந்தோர் 4 பேரே. அதே உழவர்கள் அறிவுத்திறத் தேர்வில் அறுவடைக்கு முன் குறைவாகவும் பின் மிகுதியாகவும் பெற்றனர். ஆள் மாறவில்லை, அறிவும் மாறவில்லை, கவலையே மாறிற்று என்பது அவர்தம் முடிபு.

இதற்குத் தடையும் உண்டு. முன்னரே எழுதிய தேர்வின் பழக்கத்தால் இரண்டாம் முறை மேம்பட்டிருத்தல் கூடும் என்பர் சிலர். அமெரிக்க நாட்டில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டு 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி, அறிவுத்திறத்தில் வேறுபாடு காணவில்லை. ஆதலின், கவலை அறிவை மழுக்கும் என்பதனை முடிந்த முடிபாகக் கொள்ளாது, வலிய கருத்தாகக் கொள்ளுதலே முறை. எனினும், அடகுக் கணக்கு காட்டும் நெருக்கடி ஐயத்திற்கு இடமற்றது.

வருவாய்க்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு பற்றியும் அறிஞர் ஒருமித்திலர். நாட்டு வருவாய் பெருகினும் மக்கள் மகிழ்ச்சி அவ்வளவிற் பெருகுவதில்லை என 1974இல் ஈசுட்டர்லின் எழுதினார். நாள்தோறும் நுகரும் மகிழ்வு ஆண்டிற்கு ஏறத்தாழ 75,000 டாலர் வருவாய்க்குமேல் உயரவில்லை எனக் கானமனும் தீட்டனும் 2010இல் கூறினர். அதனை 2021இல் கில்லிங்சுவொர்த்து மறுத்தார். பின்னர்க் கானமனும் அவரும் பார்பரா மெல்லர்சும் கூடி ஆராய்ந்து 2023இல் உடன்பாடு கண்டனர்: பெரும்பாலோர்க்கு வருவாயோடு மகிழ்வும் உயர்கின்றது, மிகத் துன்புறுவோர்க்கோ குறித்த ஓர் எல்லைவரை துன்பம் குறைந்து, அதன்மேல் நின்றுவிடுகின்றது. பொருளால் தீரும் துயர் ஒன்று, தீராத துயர் மற்றொன்று எனத் துயர் இருவகைத்தாதல் இதனாற் பெறப்படும்.

இதுகாறும் கூறியவாற்றான் விளங்குவன இரண்டு. பொருள் இன்பம் தருமோ என்பதும், பொருளின்மை துன்பம் தருமோ என்பதும் ஒரே வினா அல்ல. முன்னதற்கு அறிஞர் இன்னும் விடை தேடுகின்றனர். பின்னதற்கு நல்குரவு அதிகாரமே விடை. அன்றியும், உழவர்க்கு எவ்வளவு வருகின்றது என்பதோடு எப்போது வருகின்றது என்பதும் ஒப்ப நோக்கத்தக்கது. ‘போதுமென்ற மனம்’ எனக் கற்பிக்கும் ஆசிரியர், தம்முன் அமர்ந்திருக்கும் மாணவன் இல்லத்தில் இன்று எந்நகை அடகில் உள்ளதோ என ஒருகால் எண்ணிப் பார்த்தல் நன்று. குறியெதிர்ப்பை தந்தாரை மறவாத புலவர் நமக்கு உணர்த்துவதும் அதுவே.