அரிய தாவரங்களைக் காப்போம்

காட்டைத் திருத்தித் தோட்டம் கண்டவர்கள் நம் முன்னோர். விடியுமுன் பிரட்டுக்கு எழுந்து, புதர் வெட்டி, நிரை பிடித்துப் பால்மரம் நட்ட அவர்களின் உழைப்பை நாம் என்றும் போற்றுகிறோம். ஆயினும், தோட்டத்தின் எல்லையில் எஞ்சி நிற்கும் காட்டை, “வெறும் புதர்தானே!” என்று எண்ணிவிடலாமா? இவ்வினாவிற்கு விடை காண, சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரம் நமக்கு உதவுகிறது.

இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த ஆங் மோ கியோ, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்கள் பரவியிருந்த இடமாகும். 1973இல் அங்கே புதுநகர் எழத் தொடங்கியது. நகரின் மேற்கே லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கமும் அதனைச் சூழ்ந்த காடும் உள்ளன. அக்காட்டினுள் நடப்போர் பழைய பால்மரங்களை இன்றும் காணலாம். கைவிடப்பட்ட தோட்டம் மெல்ல மெல்லக் காடாகியுள்ளது.

“காடு தானே வளர்ந்துவிடுமாயின் அதனைக் காப்பானேன்?” எனச் சிலர் வினவக்கூடும். பறவைகளும் வௌவால்களும் உண்ணும் கனிகளின் விதைகள் தொலைவு சென்று முளைக்கின்றன. மெரந்தி போன்ற பெருமரங்களின் விதைகளோ பெரும்பாலும் தாய்மரத்தின் அருகிலேயே விழுகின்றன; நெடுநாள் உயிர் தாங்குவதுமில்லை. அருகே தாய்மரம் இல்லையேல் அவ்வினம் அங்கே திரும்பி வருவது அரிது. நூறாண்டு வளர்ந்த மறுகாட்டிலும் பழங்காட்டின் மரவகைகள் யாவும் காணப்படாமைக்கு இதுவே ஒரு காரணமாகும்.

மரம் சாகாமல் பால் வெட்டும் முறையை வகுத்த ரிட்லியின் பெயரை நம்மில் பலர் அறிவோம். 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் தலைவராக இருந்த அவர், தீவின் செடிகொடிகளையும் ஆராய்ந்து 1900இல் பட்டியலிட்டார். அவற்றுள் பல இன்று அங்கே இல்லை. சிங்கப்பூருக்கு உரிய இருநூறுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் வகைகளில் பெரும்பாலானவை மறைந்துவிட்டன.

ஆர்க்கிட்டின் விதை தூசியினும் நுண்ணியது. தனக்கென உணவைச் சேமித்து வைத்திராதது. உரிய பூஞ்சணம் துணை நின்றால்தான் அது முளைக்கும். பற்றி வாழ முதிர்ந்த மரப்பட்டை வேண்டும்; குளிர்ந்த ஈரக்காற்று வேண்டும்; மகரந்தம் சுமக்கும் பூச்சியும் வேண்டும். இவற்றுள் ஒன்று நீங்கினும் செடியின் மரபு அறுந்துவிடும். சிங்கப்பூரில் 1995 முதல், புலி ஆர்க்கிட் முதலியவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மரங்களில் மீண்டும் பொருத்தி வருகின்றனர். எனினும், காடின்றிச் செடி மட்டும் வாழ்ந்திடாது.

புதிதாகத் திறந்த வெட்டவெளியின் ஓரத்து மரங்கள் காற்றில் சாய்வதை நாம் கண்டிருக்கிறோம். காட்டின் ஓரத்திலும் வெயிலும் காற்றும் புகுந்து ஈரத்தை உறிஞ்சுகின்றன. காடு சிறுத்தால் அது முழுவதும் ஓரமாகவே ஆகிவிடும். எனவேதான் பழங்காட்டைச் சூழ்ந்த மறுகாடும் வேலிபோல் காக்கப்பட வேண்டும். 1992இல் லோவர் பியர்ஸ் காட்டில் குழிப்பந்துத் திடல் அமைக்கும் திட்டம் எழுந்தது. சிங்கப்பூர் இயற்கைச் சங்கத்தினர் அங்குள்ள உயிரினங்களை ஆராய்ந்து அறிக்கை அளித்தனர். பொதுமக்கள் பலர் கையொப்பமிட்டு வேண்டினர். திட்டம் கைவிடப்பட்டது, காடு பிழைத்தது. மக்கள் காட்டை அறிந்திருந்தமையால் அன்றோ அதற்காகப் பேச முடிந்தது?

நாமும் நம்மால் இயன்றதைச் செய்யலாம். காட்டு ஆர்க்கிட்டைப் பெயர்த்து வந்து வீட்டில் தொங்கவிடாதிருப்போம். வீட்டுத் தோட்டத்துக் கொடிகளைக் காட்டோரத்தில் வீசாதிருப்போம். சன்சிபார் வள்ளிக்கொடியின் சிறு காய்க்கிழங்கு ஒன்று விழுந்தாலும், அது முளைத்துப் படர்ந்து மரங்களையே மூடிவிடும். காட்டின் அருகே குப்பைக்குத் தீ வைக்காதிருப்போம். ஓடைக்கரை மரங்களை விறகுக்கு வெட்டாதிருப்போம். நம் பிள்ளைகளுக்கு அங்குள்ள மரங்களின் பெயரைச் சொல்லிக் கொடுப்போம்.

பட்டையில் காயம் படாமல் உளி பிடிக்கத் தெரிந்த கை நம் கை. மரத்தின் அருமை நமக்குப் புதிதன்று. அந்தக் கவனத்தைத் தோட்டத்து எல்லைக்கு அப்பாலும் செலுத்துவோமாக!